காதுள்ள போன்

பாளையங்கோட்டை,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

எப்சி எழுதுகிறேன். நானும் ஜோஷுவாவும் நலம். உன் நலத்தைக் கேட்க ஒன்பது நாளாகப் போன் செய்கிறேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் கல்லூரி நாட்களுக்குப் பிறகு முதன்முறையாக உனக்குத் தாளில் எழுதுகிறேன்.

செய்தியைப் பேப்பரில் பார்த்தேன். உங்கள் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது, ஆறு மொழிகள் போதும் என்று தமிழ்ப் பிரிவை மூடிவிட்டார்கள் என்று நாலே வரி. மேலே அரைப் பக்கத்துக்கு மடக்குகிற போனின் விளம்பரம். அன்று சாயங்காலம் நீ அனுப்பியதும் ஒரே வரி: “ஆறு வருஷம் வீணாப் போச்சுட்டி.” அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாலு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் ஜோஷுவாவுக்குக் காது போனபோது, நான் சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினேன். பிறகு, பேச்சைக் கேட்டுத் திரையில் எழுத்தாகக் காட்டும் உன் செயலி வந்தது. அதற்கு நம் ஊர்க் குரல்கள் வேண்டும் என்று கேட்டாய். சபை மண்டபத்தில் நாற்பது பேரைக் கூட்டினேன். நாங்கள் செய்த கூத்து நினைவிருக்கிறதா? காய்கறிக் கடையில் நாள் முழுக்க வாய் ஓயாத கைலாசம் அண்ணாச்சி, மைக்கைக் கண்டதும் தொண்டையைச் செருமி, “பேரன்பு கொண்ட பெரியோர்களே” என்று தொடங்கினார். நானும் வேதம் வாசிக்கிற குரலில்தான் பேசினேன். ஒருவர்கூட வீட்டில் பேசுவதுபோல் பேசவில்லை. மைக் முன்னால் அப்படிப் பேசினால் மரியாதை இல்லை என்று எல்லாருக்கும் ஓர் எண்ணம்.

போனும் அதையே கற்றுக்கொண்டது. மேடைத் தமிழ் பேசினால் பிழையில்லாமல் எழுதியது. வீட்டுப் பேச்சுக்கு வெறும் புள்ளிகளைக் காட்டியது. ஆறு மாதம் நான் அவரிடம், “உணவு தயாராக உள்ளது, உண்ண வாருங்கள்” என்றே பேசினேன். வானொலியில் செய்தி வாசிக்கிற பொம்பளையைக் கட்டுன மாதிரில்லா இருக்கு என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் மேடைத் தமிழில் யாரும் புருஷனோடு சண்டை போட முடியாது. கொஞ்சவும் முடியாது.

அப்புறம் நீ லீவில் வந்து, அதே ஆட்களை மறுபடி மண்டபத்தில் கூட்டினாய். மைக்கைத் தூக்கி மூலையில் வைத்தாய். இப்போதும் பதிவாகும் என்று எல்லாரிடமும் சொல்லி, சம்மதம் வாங்கி, சின்னக் கருவியை வடைத் தட்டுகளுக்கு நடுவில் வைத்தாய். ஒன்றும் தெரியாதவள்போல, தேங்காய்ப்பால் சொதியில் முருங்கைக்காய் போடலாமா என்று கேட்டாய். அவ்வளவுதான். ஷம்ஸியா டீச்சர், “அண்ணாச்சி, ஒமக்குக் காய் விக்கத்தான் தெரியும், சொதி வைக்கத் தெரியாது” என்றாள். மூன்று மணி நேரம் மண்டபம் அடங்கவில்லை. உன்னைப்போல் கெட்டிக்காரியை நான் பார்த்ததில்லை என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

புதிய பதிப்பு வந்த அன்று காலையில் நான் அடுக்களையிலிருந்து, “பாலு பொங்குது, அங்கன என்னத்தப் பாத்துட்டு நிக்கிய” என்று கத்தினேன். திரையில் அப்படியே வந்தது, ஓர் எழுத்துக்கூட மாறாமல். அவர் வாசித்துவிட்டு, “வச்சவ நீ, என்னைய ஏன் ஏசுத?” என்றார். அரை மணி நேரம் சண்டை போட்டோம். பிறகு நான் குளியலறைக்குள் போய் அழுதேன். அது துக்க அழுகை இல்லை.

உங்கள் பிரிவு மூடுவதற்கு முந்தின வாரம் நீ அனுப்பிய கடைசிப் பதிப்பு, நெட் இல்லாமலே ஓடும் என்றாய். போன ஞாயிறு குறுக்குத்துறையில் ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து, சிம்மைக் கழற்றிவிட்டுப் பேசிப் பார்த்தேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவிலும் எழுத்து வந்தது. உன் கம்பெனி போன பின்னும் உன் வேலை ஓடுகிறது, சுகிர்தா.

ஒரு கவலையும் உண்டு. போனின் பேட்டரி உப்பிவிட்டது. கடைக்கார அசன் முகம்மது, இதைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுங்க, அதில் நாலு கேமரா இருக்கு என்றான். இவர் திரையில் வாசித்துவிட்டு, “நாலு கண்ணு கெடக்கட்டும்லே, இதுக்குக் காது இருக்கு” என்று பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். புதிய போனில் இனி உன் செயலியை ஏற்ற முடியாது என்று அவருக்குத் தெரியும். இந்தப் போன் எத்தனை வருஷம் தாங்கும் என்று உன்னிடம் கேட்கப் போவதில்லை. இப்போது உன்னிடம் எதுவும் கேட்கக் கூடாது.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். வீட்டுப் பேச்சை எழுதும் பதிப்பு வந்த பின் நீ இந்த ஊருக்கு வரவே இல்லை. ஊர்ப் பேச்சையெல்லாம் வாசித்துவிட்டார். உன் பேச்சை இன்னும் வாசிக்கவில்லை. சுகிர்தா எப்படிப் பேசுவா என்று நேற்றும் கேட்டார். என்னைவிட வேகமாக என்றேன்.

ஹைதராபாத் அறையில் தனியாக இருக்காதே, வா. உன் உழைப்பு வீண் போகாதபடி கர்த்தர் காப்பார் என்று நாங்கள் இருவரும் தினமும் ஜெபிக்கிறோம். பகலில் நான் நூலகத்துக்கு வேலைக்குப் போயிருப்பேன். அவர் மட்டும் இருப்பார். கதவு சாத்தியிருக்காது. தட்டினால் அவருக்குக் கேட்காது. வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடு. போனை முன்னறை மேசையில், அவர் கண்ணுக்கு எதிரே வைத்துவிட்டுப் போகிறேன்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
எப்சி