முதற்பரிசு பெற்றவனின் படத்தை இறக்கக் கோரி

அனுப்புநர்
க. பாரி, டிப்ளமோ (செராமிக் டெக்னாலஜி),
த/பெ. கலியமூர்த்தி,
பெண்ணாடம் சாலை, விருத்தாசலம்.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரம்,
கடலூர்.

பொருள்: பூங்கோதை பீங்கான் தொழிலகம், விருத்தாசலம் – எடை குறைப்புத் திட்டம் – உண்ணுதல் தொடர்பான மனநோயிலிருந்து மீண்டு வரும் தொழிலாளியின் எடையைப் பலர் முன் கூவியது, பரிசளித்தது, படம் வைத்தது – நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது இணையவழி மனு, நாள் 18.08.2025.
2. மேற்படி மனுவுக்கு வந்த பதில், நாள் 29.08.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

12.08.2025 செவ்வாய்க்கிழமை காலை 7.40 மணிக்கு, மேற்படி தொழிலகத்தின் மண் கிடங்கில், களிமண் மூட்டை நிறுக்கும் எடை மேடை மீது நான் ஏற்றி நிறுத்தப்பட்டேன். சுற்றி நின்றவர்கள் முப்பத்தொரு பேர். என் எடை உரக்கக் கூவப்பட்டது. முப்பத்தொரு பேரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலைப் பற்றியதுதான் இந்தப் புகார்.

கை தட்டியதற்கெல்லாமா ஒருவன் மனு கொடுப்பான் என்று தங்களுக்குத் தோன்றலாம். பார்வை 1-இல் கண்ட மனுவைப் படித்தவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஆகவே இம்முறை முதலிலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளவும்.

1. நான் மேற்படி தொழிலகத்தில் சூளைப் பிரிவு ஷிப்ட் பொறுப்பாளர். வயது 26. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்தபோது எனக்கு இந்த நோய் தொடங்கியது. நாள் கணக்கில் பட்டினி கிடப்பேன். பிறகு கை நிற்காமல் தின்பேன். தின்றதற்குத் தண்டனையாக மறுபடியும் பட்டினி. இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு. சொன்னால் நம்புவதற்குத்தான் ஆள் இல்லை. இது பொம்பளைப் பிள்ளைகளுக்கு வருவது, வசதியானவர்களுக்கு வருவது என்று நினைக்கிறார்கள். "எங்க காலத்துல சோறே இல்ல, உனக்குச் சோத்துல வியாதியா" என்று என் பெரியப்பா நல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்டுவிட்டுப் போனார். இரண்டு வருடத்துக்கு முன் ஷிப்ட் நேரத்தில் சூளை வாசலில் மயங்கி விழுந்தேன். ஓரடி முன்னால் விழுந்திருந்தால் இந்த மனு வந்திருக்காது.

2. அதன் பிறகு புதுச்சேரியில் மனநல மருத்துவர் பூர்ணிமா அவர்களிடமும், உணவியல் நிபுணர் தென்றல் அவர்களிடமும் சிகிச்சை எடுத்து வருகிறேன். நேரத்துக்குச் சாப்பிடப் பழகினேன். அதில் உடம்பு போட்டது. பிறகு கல்லீரலில் கொழுப்பு, ரத்தத்தில் சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்தது. எடையைக் குறைக்க வேண்டும் என்றார் பொது மருத்துவர். இந்த நோய் உள்ளவனிடம் எடையைக் குறை என்று சொல்வது ஆபத்து என்று டாக்டர் பூர்ணிமா முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. பிறகு மூவரும் பேசி ஒரு திட்டம் போட்டார்கள். மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு முறை சிற்றுண்டி. எந்த வேளையையும் விடக் கூடாது. எடை குறைவது எவ்வளவு மெதுவாக நடந்தாலும் சரி. முக்கியமான நிபந்தனை, என் எடை எனக்குத் தெரியவே கூடாது. மெஷினுக்கு முதுகைக் காட்டி நிற்பேன். அவர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். கூடியதா குறைந்ததா என்று சொல்ல மாட்டார்கள். வீட்டிலும் இளைச்சிட்ட, தேறிட்ட என்ற பேச்சே கூடாது. என் அம்மா வீரம்மாள் வாயைத் திறக்காமல் சோறு போடக் கற்றுக்கொண்டார். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஐயா, நான் எண்ணைப் பார்த்துப் பிழைப்பவன். சூளைக்குள் எத்தனை டிகிரி என்று கால் மணிக்கொரு தரம் பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அப்படிப்பட்டவன் தன் உடம்பின் எண் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளாமல் ஏழு மாதம் இருந்தேன். அந்த ஏழு மாதமும் நன்றாக இருந்தேன்.

3. கடந்த ஜூலையில் தொழிலகம் எடை குறைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை எல்லோரும் எடை பார்க்க வேண்டும். அதிகம் குறைத்தவருக்குப் பரிசு. என் எடையை என்னிடம் சொல்லக் கூடாது என்று டாக்டர் பூர்ணிமா எழுதிய கடிதத்தை மனிதவள அலுவலர் திரு. மாணிக்கவேல் அவர்களிடம் நேரில் கொடுத்தேன். ஜூலை மாதம் முதலுதவி அறையில் நர்ஸ் வாசுகி அவர்கள் கதவைச் சாத்திவிட்டு, என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி எழுதிக்கொண்டார். குறை ஒன்றுமில்லை. ஆகஸ்டில் அந்த அறையின் மெஷின் பழுது. வேறு வாங்க ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் பொறுக்க முடியாமல் எல்லோரையும் மண் கிடங்குக்கு அனுப்பினார்கள்.

4. மண் கிடங்கில் எடை போடுபவர் திரு. கொளஞ்சியப்பன். மூட்டையை ஏற்றியதும் எடையை உரக்கக் கூவுவார். கோடியில் உட்கார்ந்திருக்கும் கிளார்க் அதை எழுதிக்கொள்வார். அங்கே வழக்கமே அதுதான். என் முறை வந்தபோது நான் முதுகைக் காட்டி நின்றேன். அவரோ, எனக்கு எண் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "தம்பி, நல்லா கேட்டுக்க" என்று சொல்லி மூட்டைக்குக் கூவுவதைவிட உரக்க, இரண்டு தடவை கூவினார். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். அவர் மீது எனக்குப் புகார் இல்லை. விசாரணை என்ற பெயரில் அவருக்கு மெமோ கொடுத்துவிட்டு விஷயத்தை முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் கடிதத்தை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியவர் அவர் அல்ல.

அந்த எண்ணை இம்மனுவில் எழுதவில்லை. எழுதினால் நான் அதை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

5. கிளார்க் ஜூலை எடையோடு ஒப்பிட்டு, நான்தான் அதிகம் குறைந்திருக்கிறேன் என்று அங்கேயே அறிவித்தார். அதற்குத்தான் அந்தக் கைதட்டல். ஜூலை கடைசியில் எனக்கு எட்டு நாள் வயிற்றுப்போக்கு. விடுப்புக் கடிதம் அவர்களிடமே இருக்கிறது. எனவே அந்த முதற்பரிசு நியாயமாக வயிற்றுப்போக்குக்குச் சேர வேண்டியது. ஆனால் சுதந்திர தினத்தன்று கொடியேற்றியதும் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டு மிக்ஸி கொடுத்தார்கள். மறுநாள் காலை கேட்டுக்கு மேலே என் முழு உருவப் படத்துடன் ஃப்ளெக்ஸ். இப்பக்கம் பழைய எடை, அப்பக்கம் புதிய எடை. கீழே, "இவரால் முடிந்தது, உங்களால் முடியாதா?"

6. இனி நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கை தட்டிய அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. யாரும் தடுக்கவில்லை, பசியில்லாமலும் இல்லை. அந்த எண் கூடிவிடக் கூடாது என்று தோன்றிவிட்டது. அவ்வளவுதான். இப்போது பெரும்பாலான நாட்கள் ஒரு வேளைதான். மீதியை அம்மாவுக்குத் தெரியாமல் அப்புறப்படுத்துகிறேன். அவர் ஒன்றும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று நாங்கள்தானே சொல்லிவைத்தோம். தட்டை வாங்கிக்கொண்டு போகும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கிறார். ஒவ்வொரு ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் கேட்டில் அந்த இரண்டு எண்களுக்கும் கீழே நுழைந்துதான் போக வேண்டும். வேறு வாசல் கிடையாது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. மெருகுப் பூச்சுப் பிரிவில் வேலை செய்யும் தமிழ்மணி என்ற பெண், பத்தொன்பது வயது இருக்கும், கேண்டீனில் என்னிடம் வந்து, "அண்ணா, நீங்க என்னா திங்கிறீங்கன்னு எழுதிக் குடுங்கண்ணா, நானும் அதே மாதிரி செஞ்சி இளைச்சிடுறேன்" என்றது. நான் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. எனினும் இப்போது அந்தப் பெண் மதியம் டீயோடு எழுந்துவிடுகிறது. எனக்கு முதலில் தொடங்கியதும் அப்படித்தான்.

7. திரு. மாணிக்கவேல் அவர்களைப் பார்த்துப் படத்தை இறக்கச் சொன்னேன். "ஊரே இளைக்க முடியலன்னு அழுவுது, நீ இளைச்சிட்டு வந்து அழுவுற. ஆம்பளைப் புள்ள மாதிரி இருய்யா" என்றார். செப்டம்பரில் எடை மேடை ஏற மாட்டேன் என்றேன். எடை போடாதவர்களை உடல் தகுதியற்றவர் என்று எழுதிச் சூளைப் பக்கமே விடமாட்டோம் என்றார். சூளையைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. படித்ததே அதைத்தான்.

8. இதில் அதுவரை நடந்ததையெல்லாம் பார்வை 1-இல் கண்ட மனுவில் எழுதியிருந்தேன். ஒருவர் போன் செய்தார். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. "தம்பி, வெயிட்டு குறையலன்னு தான கம்ப்ளெயிண்ட்டு? காலையில கொள்ளுக் கஞ்சி குடிங்க." இல்லை சார், குறைந்ததுதான் புகார் என்றேன். "குறைஞ்சா நல்லதுதானே" என்று வைத்துவிட்டார். பார்வை 2-இல் கண்ட பதில் வருமாறு: "மனுதாரருக்கு உரிய உணவு ஆலோசனை வழங்கப்பட்டது. மனு முடித்துவைக்கப்பட்டது."

எனவே, எடை பார்ப்பதைத் தனியறையில், மருத்துவப் பணியாளர் மட்டும் செய்யவும், எண்ணைக் கூவவோ ஒட்டவோ கூடாது எனவும், மருத்துவர் கடிதம் உள்ளவர்களைப் போட்டியிலிருந்து விடுவிக்கவும், எடை போடாத காரணத்துக்காக யாரையும் சூளைப் பணியிலிருந்து நீக்கக் கூடாது எனவும், கேட்டில் உள்ள படத்தை உடனே இறக்கவும் உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த எடை நாள் 09.09.2025. அதற்குள் ஒருவரை நேரில் அனுப்பினால் போதும். ஃப்ளெக்ஸைத் தேட வேண்டியதில்லை, ரோட்டிலிருந்தே தெரியும்.

இந்த மனுவுக்கும் உணவு ஆலோசனைதான் வரும் என்று எனக்குத் தெரியும். புதுச்சேரியில் அடுத்த முறை டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை சும்மா இருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். தங்கள் உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும் நான் செய்யப்போவது:

1. டாக்டர் பூர்ணிமாவுக்கு இன்றே போன் செய்து, நோய் திரும்பிவிட்டது என்று சொல்வேன். இதுவரை சொல்லவில்லை. மூன்று வாரம் ஆகும் முன்பே வரச் சொன்னால் சம்பளமில்லா விடுப்பில் போவேன்.

2. எடை நாளான 09.09.2025 செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் வேலைக்குப் போவேன். எடை மேடை ஏற மாட்டேன். சூளையை விட்டு அனுப்பினால் எழுத்துபூர்வமாகத் தரச் சொல்வேன். தர மாட்டார்கள்.

3. அதற்குள் ஃப்ளெக்ஸ் இறங்காவிட்டால் பகல் வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க, நானே அறுத்து இறக்குவேன். கேஸ் போட்டால் போடட்டும்.

4. கேண்டீனில் தமிழ்மணியைக் கூப்பிட்டு, நான் இளைத்தது எந்தத் திட்டத்தாலும் அல்ல, எனக்கு இன்ன நோய் இருக்கிறது என்று சொல்வேன். பக்கத்து மேசைக்காரர்கள் கேட்பார்கள். சிரிப்பார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் பெண் நம்புமா என்றும் தெரியவில்லை.

5. இம்மனுவைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கியதும், அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டை வெளியே எங்காவது உட்கார்ந்து திறப்பேன். மணி ஒன்று ஆகியிருக்கும். அது திட்டப்படி என் சாப்பாட்டு நேரம். நேற்று பாதிதான் முடிந்தது. இன்றைக்கு எவ்வளவு முடியும் என்று உறுதி கூற இயலவில்லை.

பதிலை எதிர்பார்த்தும் எதிர்பார்க்காமலும்,

(ஒப்பம்) க. பாரி

இடம்: விருத்தாசலம்
நாள்: 01.09.2025

இணைப்பு: மனநல மருத்துவரின் கடித நகல், விடுப்புக் கடித நகல், பார்வை 2-இல் கண்ட பதில். ஃப்ளெக்ஸின் புகைப்படம் இணைக்கப்படவில்லை. என்னால் எடுக்க முடியவில்லை.