எவ்வளவு கழிக்கோணும்

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னமே சொன்னேன். நீ இருந்திருந்தால் சாட்சி சொல்லியிருப்பாய். இன்று காலை அக்ரஹாரத்தில் நம் தெருவுக்குள் கொசுப்புகை வண்டி வந்தது. டீசல் நாற்றம் கடைக்குள் புகுந்து, நான் தைத்து வைத்த ஸ்கூட்டர் சீட் உறைகளில் எல்லாம் ஏறிக்கொண்டது. நீ உட்காரும் ஸ்டூலிலும்தான். அந்த வண்டியை வரவழைத்தவன் நான். இதில் நீ கழிக்க வேண்டியது எதுவுமே இல்லை. 

நான் எதைச் சொன்னாலும் காபியைக் குடித்து முடித்துவிட்டு, உன் கொள்ளேகால் ஊர்ப் பேச்சு மாறாமல் கேட்பாய்: "இதுல எவ்வளவு கழிக்கோணும்?" தசரா யானை கூட்டத்தில் என்னைப் பார்த்துத் தலையாட்டியது என்றேன். "யானைய வெச்சுக்கறேன், உன்னையக் கழிச்சுர்றேன்" என்றாய். கடையே சிரித்தது. நான் கோபித்துக்கொண்டு பேஸ்புக்கில் எழுதினேன். அங்கே கழிக்க ஆள் இல்லை.

என் அக்கா மகளை உனக்குத் தெரியும். நீ போனபோது பெங்களூரில் இருந்தாள். இப்போது இங்கே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். ஊரில் எங்கே காய்ச்சல் பரவுகிறது என்பதை, ஆஸ்பத்திரிக் கணக்கு வருவதற்கு முன்பே, ஜனங்கள் போனில் எழுதுவதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்களாம். இதையும் நான் எப்போதோ சொன்னேன். எட்டாவது படித்தவன் சொன்னால் யார் கேட்கிறார்கள்? நான் எழுதியதை எடுத்துக்கொள்ள என்னிடம் அனுமதி கேட்டாள்.

"பேரை எடுத்துடுவோம் மாமா. தெருவும் நீங்க எழுதினதும் போதும்."

"பேரை ஏம்மா எடுக்கணும்? போட்டோவோட போடு."

"ஐயோ, பேடா மாமா, வேண்டாம்" என்று சிரித்தாள்.

நீ போன பிறகு நான் எழுதியது உனக்குத் தெரியாது. டெங்கு என் உயிர் நண்பனைக் கொண்டுபோய்விட்டது, தெருவில் வீட்டுக்கு வீடு படுக்கை என்று எழுதினேன். அவ்வளவுதான். சளி பிடித்தவனெல்லாம் கீழே வந்து எங்கள் வீட்டிலும் டெங்கு என்று சேர்த்தான். நேற்று அவள் லேப்டாப்பில் ஊர் வரைபடத்தைக் காட்டினாள். நம் தெரு மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது. "இதப் பாத்துதான் கார்ப்பரேஷன்ல நாளைக்குப் புகை வண்டி அனுப்பறாங்க. ரத்தப் பரிசோதனை முகாமும் உங்க தெருவுலதான் மாமா, இன்னும் மூணு நாள்ல" என்றாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இன்று மத்தியானம் தர்மபுரிக்கார மேஸ்திரி ஒருவர் கிழிந்த ஸ்கூட்டர் சீட்டோடு வந்தார். ரிங் ரோட்டுப் பக்கம் கட்டட வேலை, தகர ஷெட்டில் வாசம். வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"ஷெட்ல பாதிப் பேரு காய்ச்சல்ல கெடக்கறாங்கண்ணா. ஒரு டாக்டரும் எட்டிப் பாக்கல."

"பேஸ்புக்ல எழுதலாமில்ல?"

"எழுதறதா? போன்ல பாட்டு கேப்போம், ஊருக்குப் பேசுவோம். உங்களுக்கென்னண்ணா, தமாஷ்."

அவர் சொன்ன இடத்தை நேற்று படத்தில் பார்த்திருக்கிறேன். வெள்ளையாக இருந்தது. ஒரு புள்ளி சிவப்பு இல்லை. உட்கார முடியவில்லை. ஊசி விரலில் ஏறியது. அக்கா மகளுக்குப் போன் போட்டேன். முகாமை ஷெட்டுக்கு மாற்று என்றேன்.

"கேட்டுப் பாக்கறேன் மாமா. ஆனா உங்க தெருவுல ஒரு சாவே இருக்கே. அத எப்படி விடறது?"

"நான் எழுதினதுல கழிச்சுக்கோம்மா."

"எவ்வளவு மாமா? எதக் கழிக்கணும்?"

உன் கேள்வி. என்னோடு மிச்சமிருப்பது அதுதான், அதையும் இப்போது அவள் கேட்கிறாள். காலி ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அந்தச் சாவக் கழிச்சிடு" என்றேன். "காலைல சொல்றேன் மாமா" என்றாள். மேஸ்திரியின் சீட்டைத் தைத்து முடித்துவிட்டேன். தூக்கம் வருமென்று தோன்றவில்லை.

உனக்கே தெரியும், உனக்கு டெங்கு இல்லை. இந்த ஸ்டூலில்தான் சாய்ந்தாய், காபி டம்ளர் கையில் சூடாக இருந்தது. நெஞ்சுவலி என்று எழுதினால் நான் யாரைத் திட்டுவது? கொசு நான் சேர்த்தது.