வெளிர் நிறக் கார்பெட்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முதல் வரியிலேயே பொய் எழுதக் கை வரவில்லை. நான் நன்றாக இருக்கிறேன், கோபமாகவும் இருக்கிறேன். அப்பா விஷயமாக நீ ஒரு காரியம் செய்ய வேண்டும், அது உன் ஒருத்தியால்தான் ஆகும். அதைச் சொல்வதற்கு முன்னால் இந்தக் கார்பெட் கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில்தான் எல்லாம் வெளியே வந்தது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். உன் போன் வந்தால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டு மேஜை நடுவில் வைத்துவிட்டு, நாற்காலியையும் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி நான் என்னத்தைச் சொல்வது. அதனால்தான் கடிதம். பொறுமையாகப் படி.

கூடத்தில் கிடந்த பழைய கார்பெட் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் போட்டது, சோபாவுக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்து நடந்து அடித்துணியே தெரிந்துவிட்டது. மாற்றலாம் என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அப்பா ரொட்டிக் கம்பெனியில் தன் கூட வேன் ஓட்டுகிற மீசைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து, ஆளுக்கொரு மூலையைப் பிடித்து மொத்தத்தையும் பிடுங்கிச் சுருட்டித் தெருவில் வைத்துவிட்டார். "நாமளே பிடுங்கிட்டா கூலி மிச்சம்" என்றார். புதுசு எது என்று இன்னும் முடிவே ஆகவில்லை, கடைப் பக்கம்கூடப் போகவில்லை, அதற்குள் பழசு போயாயிற்று. உலகத்தில் வேறு யாராவது இப்படிச் செய்வார்களா. அன்றிலிருந்து வெறும் சிமெண்டுத் தரை, கால் வைத்தால் ஐஸ் மாதிரி இருக்கிறது, தூசி வேறு. சுவரோரமாக ஒரு மெல்லிய மரச் சட்டம் அடித்திருப்பார்கள், அதிலிருக்கும் ஆணி முனைகள்தான் கார்பெட்டை இழுத்துப் பிடிப்பது, அதை மட்டும் "புதுசுக்கும் வேணும், இருக்கட்டும்" என்று அப்படியே விட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, நான் ஓரம் பார்த்து ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன், சொந்த வீட்டில் திருடி மாதிரி.

அப்புறம் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியாகப் போன கடையில் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி, ஓயாத வாய், என்னைவிட இரண்டு மடங்கு பேசுகிறாள் என்றால் பார்த்துக்கொள். ஆனால் விஷயம் உள்ளவள். மாதிரித் துண்டை வெளிப்பக்கமாக மடித்துக் காட்டி, மடிப்பில் அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் நூல் நெருக்கமில்லை, சீக்கிரம் படுத்துவிடும், வாங்காதீர்கள் என்றாள். அடியில் போடுகிற மெத்தை விஷயத்திலும் அப்படித்தான். நீ போனில் "நல்லா தடிமனா வாங்கும்மா, சொகுசா இருக்கும்" என்று சொன்னாய் இல்லையா, அதைச் சொன்னேன், சிரித்துவிட்டாள். ரொம்பத் தடிமனாக, புசுபுசுவென்று போட்டால் நடக்க நடக்கக் கார்பெட் மேலும் கீழும் ஆடி அடித்துணி விட்டுப்போகுமாம், தடிமன் குறைவாக, கையால் அழுத்தினால் சட்டென்று அமுங்காத மாதிரி இறுக்கமானது வேண்டுமாம். பணத்தை மேலே கொட்டிவிட்டு அடியில் மட்டமானதைப் போட்டால் இரண்டும் போச்சு என்றாள். நான் அடர் காப்பி நிறம் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன், அழுக்கு தெரியாது, டீ கொட்டினாலும் தெரியாது. அவள் வெளிர் மணல் நிறத்தை எடுத்துக் காட்டினாள், அழகுதான், ஆனால் அதை யார் தினம் தினம் துடைத்துக்கொண்டிருப்பது என்று தள்ளி வைத்தேன்.

இவ்வளவு நடக்கும்போது உன் அப்பா என்ன செய்தார் என்கிறாய். அந்தப் பெண்மணி செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு துண்டின் மேலும் நடந்து பாருங்கள், கையால் தடவிப் பார்த்து வாங்குகிற பொருள் இல்லை இது என்று சொன்னாள். நான் நடந்தேன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. அப்பாவும் நடந்தார், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே. எப்படி இருக்கிறது என்றால் "ம், நல்லாருக்கு". அடுத்தது? "இதுவும் நல்லாருக்கு". கோணிப்பை மாதிரி முரடாக ஒன்று இருந்தது, அதையும் நல்லாருக்கு என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், இந்த மனுஷனுக்கு வீட்டைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லை, எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு ஆமாம் சாமி போடுகிறார் என்று கடையிலேயே கத்திவிட்டேன். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

சரி, வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று அந்த மணல் நிறத்தையும் சேர்த்து நாலைந்து மாதிரித் துண்டுகளையும் கொஞ்சம் அடிமெத்தையையும் இரவல் வாங்கிக்கொண்டு வந்து கூடத்தில் பரப்பினேன். எனக்கும் பிடிவாதம் வந்துவிட்டது. அவர் கவனிக்கிறாரா இல்லையா என்று பார்க்க ஒரு வேலை செய்தேன். ஒரே காப்பி நிறத்தில் இரண்டு துண்டு, ஒன்றின் அடியில் மெத்தை வைத்தேன், இன்னொன்றை வெறும் சிமெண்டின் மேல் போட்டேன், ஓரம் தெரியாதபடி சுற்றிலும் மற்ற துண்டுகளை அண்டக் கொடுத்தேன். அவரைக் கூப்பிட்டு, ரெண்டுலயும் நின்னு பார்த்து எது மெத்துன்னு இருக்குன்னு சொல்லுங்க என்றேன். நின்றார், மாறி நின்றார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார், நான் எதைப் பார்க்கிறேன் என்று. நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். வெறும் சிமெண்டின் மேல் கிடந்ததைக் காட்டி "இதுதான்" என்றார். வேண்டுமென்றே என் உயிரை வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன் பாப்பா. அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.

மறுநாள் நான் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், அந்த மணல் நிறத் துண்டின் மேல் சிவப்பாகக் கறை. கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய துண்டு. எதையோ கொட்டிவிட்டார் என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டேன். அவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து பார்த்து "நான் ஒண்ணும் கொட்டலையே" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை, என்னைவிட அவர்தான் குழம்பிப்போய் நின்றார். குனிந்து பார்த்தேன், கறை குதிகால் அளவில் இருந்தது, கொஞ்சம் தள்ளித் தரையில் இன்னொன்று, அதற்குத் தள்ளி இன்னொன்று, நேராக அவர் நாற்காலி வரைக்கும். காலைத் தூக்கச் சொன்னேன். வலது குதிகாலில் சுவரோரத்து ஆணி கிழித்து வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறது, ரத்தம் காய்ந்தும் காயாமலும். எப்போது மிதித்தார், எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தார், அவருக்கே தெரியவில்லை. அடுத்த வீட்டுக்காரர் காலைப் பார்க்கிற மாதிரி தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுவித் துணியைச் சுற்றிவிட்டு, அந்தக் காப்பி நிறத் துண்டை ஈரத்துணியால் துடைத்தேன், துணி சிவப்பாக வந்தது. அதன் மேலும் நடந்திருக்கிறார், ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்புறம் உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். முதலில் "தோல் தடிச்சுப் போச்சு, அவ்வளவுதான்" என்று பூசி மெழுகினார். விடவில்லை. போன குளிர்காலத்திலிருந்தே உள்ளங்கால் மரத்துப்போய்த்தான் இருக்கிறதாம், சூடு தெரியவில்லை, குத்தினால் தெரியவில்லை. ஒரு நாள் ஒரு கால் செருப்போடு வீட்டுக்கு வந்தார், மறதி என்று நீயும் நானும் போனில் எப்படிச் சிரித்தோம், அது மறதி இல்லை, கழன்றது தெரியவில்லை. ரொட்டிக் கம்பெனி வாசல் தூணில் வேனை இரண்டு தடவை உரசினாரே, அதுவும் இதுதான். அப்படியானால் பிரேக்கை எப்படி மிதிக்கிறீர்கள் என்று கேட்டேன். "சத்தத்தை வெச்சுக் கண்டுபிடிச்சிருவேன்" என்றார். பெருமையாகச் சொன்னார் பாப்பா, ஏதோ சாமர்த்தியம் மாதிரி. விடிகாலையில் பள்ளிக்கூடம் இருக்கிற தெரு, மார்க்கெட் தெரு என்று ஒவ்வொரு கடையாக ரொட்டி இறக்கிக்கொண்டு போகிற மனுஷன், பிரேக் பிடித்ததைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். காயத்தைத் தைத்து, காலில் ஒரு நூல் மாதிரி எதையோ வைத்து அங்கங்கே தொட்டுத் தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார், இவரும் ஒரு மாணவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தப்புத் தப்பாகச் சொன்னார். சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கிறது, வருஷக்கணக்காக இருந்திருக்கும் என்றார் டாக்டர். மாத்திரை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளும் செருப்பு, பெரிய ஆஸ்பத்திரியில் நரம்புக்கு ஒரு பரிசோதனை, அது முடிகிறவரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது. என் காதால் கேட்டேன். வெளியே வந்ததும் உன் அப்பா "பார்த்து ஓட்டுங்கன்னுதானே சொன்னாரு" என்கிறார்! தையல் பிரிக்கிற வரைக்கும் கம்பெனியில் லீவு, பிரித்த மறுநாள் வேலைக்குப் போவாராம், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான், அதுவரை சமாளித்துவிடுவாராம். பெரிய ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "நீ பாப்பாகிட்ட சொன்னேன்னு வெச்சுக்க, அப்புறம் நான் பேச மாட்டேன்" என்று மிரட்டல் வேறு. பேசாமல் இருக்கட்டும், எனக்கு அவர் முழுசாக இருந்தால் போதும்.

பரிதாபப்பட வேண்டிய இடத்தில் ஏன் இவ்வளவு கோபம் என்று நினைக்காதே. ஒரே கூரையின் கீழ், ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒரு குளிர்காலம் முழுவதும் என்னிடமிருந்து மறைத்தாரே, அதுதான் ஆறவில்லை. அவரைப் பார்த்தால் சண்டை போடுகிறேன், சமையலறைக்குள் வந்தால் அழுகிறேன். நீ செய்ய வேண்டியது இதுதான். நான் எழுதினேன் என்றே சொல்லிவிடு, ஒளிக்க வேண்டாம், ஒளித்தது போதும். கம்பெனி மேஸ்திரியிடம் அவரே போய்ச் சொல்ல வேண்டும், வேனை விட்டுவிட்டுக் கிடங்கில் கணக்குப் பார்க்கிற வேலையாவது கேட்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னோடு வர வேண்டும். அழாதே, கத்தாதே, நீ சின்ன வயதில் ஏதாவது வேண்டுமென்றால் அவரிடம் ஒரே குரலில் நின்று கேட்பாயே, அப்படிக் கேள். அந்தக் குரலுக்கு அவர் முடியாது என்று சொல்லி நான் பார்த்ததில்லை. முடிந்தால் லீவு போட்டு ஒரு நடை வந்து போ. முடியாவிட்டால் பரவாயில்லை, பேசினாலே பாதி காரியம் ஆகும்.

கார்பெட் போட்டாயிற்று, அதை எழுதாமல் விட்டுவிட்டேன். அந்தக் கண்ணாடிக்காரி சொன்ன இறுக்கமான அடிமெத்தைதான், கால் தடுக்காது. மேலே மணல் நிறம். அவளே "அழுக்கு தெரியும்னு வேண்டாம்னீங்களே அக்கா" என்று கேட்டாள். தெரியட்டும் என்று மட்டும் சொன்னேன். இனிமேல் அந்தக் காலில் ஏதாவது பட்டால் அவருக்குத் தெரியாது, தரையைப் பார்த்தாவது எனக்குத் தெரிய வேண்டும். தினமும் காலையில் ஜன்னலைத் திறந்துவிட்டு முதலில் தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று நடக்கிறேன், இதுவரை ஒன்றும் இல்லை. துடைப்பதற்கு முதுகு வலிக்கத்தான் செய்கிறது.

நீ சத்துள்ளதாகச் சாப்பிடு, உனக்கும் சர்க்கரை பார்த்துவிடு, இந்த மாதமே பார், அப்பா வழியில் வரும் என்று டாக்டர் சொன்னார், சாக்குச் சொல்லாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். போனில் பேசும்போது புதுக் கார்பெட் எப்படி இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டுவிடாதே. ஆட்கள் விரித்துவிட்டுப் போனதும், கட்டுப் போட்ட காலோடு கூடம் முழுவதும் ஒரு தடவை மெதுவாக நடந்தார், நான் எதுவும் கேட்கவில்லை, அவராகத்தான் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "நல்லா மெத்துன்னு இருக்குடி" என்றார்.

உன் போனுக்காகக் காத்திருக்கும்,
உன் அம்மா