லாஸ் வேகாஸில் ஜாக் பெரிதில்லை, மச்சாள்

நேற்று டொரன்டோவுக்குப் பக்கத்து விட்பியில், நான் வாரம் ஒருமுறை போய்வரும் முதியோர் கூடத்தில், யாரோ ஒரு புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்தார்கள், மச்சாள். மேலே சுற்றியிருந்த பளபளப்புத் தாள் கிழிந்ததும் அந்த மணம் வந்தது. மெழுகும் அச்சு மையும் கலந்த மணம். கையில் இருந்த தேநீரை மேசையில் வைத்துவிட்டு மூக்கை நீட்டிக்கொண்டு இருந்தேன். எங்களைப் பார்த்துக்கொள்ளும் பெட்டை ஓடிவந்து, "அன்ரி, ஆர் யூ ஓகே? என்ன செய்யுது?" என்று கேட்டாள். "ஒண்டுமில்லைப் பிள்ளை. ஒருக்கா லாஸ் வேகாஸ் போட்டு வாறன்" என்றேன். பாவம், கிழவிக்கு வயது போய் அறளை பெயர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

உமக்கென்றால் உடனே விளங்கியிருக்கும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. டொரன்டோவில், டோர்செட் பார்க்கில் அந்த உயரமான கட்டடத்தில் நீரும் நானும் உம்முடைய அண்ணாவும் இருந்தோம். நான் அவருக்கு மனைவி, நீர் அவருக்குத் தங்கச்சி. ஆனால் எங்கள் இருவருக்கும் வயது ஒன்றுதான். அதனால் 'நீங்கள்' என்று தள்ளி வைக்காமலும் 'நீ' என்று கிட்ட இழுக்காமலும் ஆளையாள் 'நீர்' என்றே பேசிக்கொண்டோம். இப்போதும் அதை மாற்ற எனக்கு வராது.

ஊரில் கணக்கியல் சோதனைகள் எல்லாவற்றையும் பாஸ் பண்ணிவிட்டு வந்தவர் நீர். ஆங்கிலம் என்னைவிட உமக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் வேலை செய்த பல் வைத்தியரின் கடிதங்களைக்கூட வீட்டில் வைத்துத் திருத்தித் தருவீர். ஆனால் வாய் திறக்க மாட்டீர். கடையில் பாண் வாங்கவும் விரலைத்தான் நீட்டுவீர். "பிழையாய்க் கதைச்சுப்போட்டால் சிரிப்பினம், மச்சாள்" என்பீர். "சிரிச்சால் என்ன, பல்லு நல்லதோ எண்டு பாரும்" என்று நான் பகிடி விடுவேன். உமக்குச் சிரிப்பு வராது.

வேலைக்கென்று இரண்டு இடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். முதலாம் தரம் லிஃப்டுக்குள் ஏறாமலே திரும்பி வந்தீர். இரண்டாம் தரம் வரவேற்பில் இருந்தவள் "யெஸ்?" என்று கேட்க, "சொறி, றோங் பிளேஸ்" என்று சொல்லிவிட்டு வந்தீர். உம்முடைய ஐயா ஊரிலிருந்து எழுதிவிட்டார்: இந்தக் குளிருக்குள் வேலை பார்க்க முடிந்தால் பார், இல்லாவிட்டால் வா, மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்கள் என்று. மாப்பிள்ளை ஓர் உரக்கடை முதலாளி. உம்மைப் பெண் பார்க்க வந்த அன்று முழு நேரமும் யூரியாவைப் பற்றியே பேசியவர். அவரைக் கட்டுவதைவிடக் குளிரில் விறைத்துச் சாகலாம் என்று நீர் என்னிடம் சொன்னது எனக்கு மட்டும் தெரியும். கடைசியாக ஒரு காப்புறுதிக் கந்தோரில் இருந்து கூப்பிட்டிருந்தார்கள், ஒரு செவ்வாய்க்கிழமை காலைக்கு. இதையும் விட்டால் ஊர்தான் என்று அண்ணாவும் சொல்லிவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கு முந்திய சனி ஞாயிறில்தான் லாஸ் வேகாஸ் வந்து வாய்த்தது. அண்ணாவின் வேலைத்தலத்து ஆட்கள் கூட்டாகச் சேர்ந்து மலிவு விமானத்தில் இடம் எடுத்திருந்தார்கள். ஒரு குடும்பம் கடைசி நேரத்தில் கழன்றுவிட்டது. "நீங்கள் இரண்டு பேரும் போட்டு வாங்கோ, நான் வீட்டிலை இருந்து படிக்கிறன்" என்றீர். என்னத்தைப் படிக்கிறது? நேர்முகத்துக்குப் படிக்கிறீராம்! உம்முடைய சேலைகளை நானே பெட்டிக்குள் அடைத்தேன்.

அந்த விமானப் பயணத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காலில் சக்கரம் கட்டின மாதிரி இருக்கிறது. பனி தள்ளிய ரன்வேயில் இருந்து எழும்பினோம். அண்ணா இடிச்சம்பல் போத்தலைத் திறக்க, விமானத்தின் பாதி திரும்பிப் பார்த்தது. கேட்ட எல்லோருக்கும் பாணில் பூசிக் கொடுத்தார். ஒருவர் தண்ணீர் தண்ணீர் என்று விமானப் பணிப்பெண்ணைப் படாத பாடு படுத்தினார். இறங்கினால் வெயில்! மாசி மாதத்தில் வெயில்! கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்று நீரும் நானும் சும்மா சிரித்தோம். காரணம் ஒன்றும் இல்லை, குளிருக்கு மாட்டும் கையுறை இல்லாமல் நின்றோம், அவ்வளவுதான்.

கசினோவுக்குள் நுழைந்ததும் அண்ணா காசு போட்டு ஆடும் மெஷின் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "இது கனநேரமாய் ஒண்டும் விழுத்தேல்லை. இனி விழுத்தத்தான் வேணும்" என்று அதற்கு ஒரு விஞ்ஞானம் வேறு. தனக்கென்று கொண்டுவந்ததை மத்தியானத்துக்கு முன்னரே அதற்கு ஊட்டிவிட்டு அறைக்குப் போய் நித்திரை கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் சுற்றினோம். ஒரு மூலையில் சீட்டு மேசைகள். அதில் ஒன்றில் ஒரு டொலர் வைத்து ஆடும் சின்ன போக்கர். ஓய்வுபெற்ற ஆட்கள், சுற்றுலா வந்த ஆட்கள், பின்னல் பையோடு ஒரு கிழவி. உம்முடைய நடை அந்த இடத்தில் தானாக நின்றது.

நிற்காமல் என்ன செய்யும்? வீட்டில் நாலு தமிழர் சேர்ந்தால் நாங்கள் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம்தானே ஆடுவோம். அந்த மேசையில் நீர் வேறு ஆள். ஆடும்போது மூச்சு விட மாட்டீர். சுற்று முடிந்ததும்தான் தொடங்குவீர். ஏன் துரும்பை இறக்கினனீர், ஏன் ஒன்பதைப் பிடிச்சு வைச்சிருந்தனீர் என்று சோடியாய் ஆடியவரையும் எதிராய் ஆடியவரையும் நிறுத்தி வைத்து விசாரிப்பீர். அடுத்த சுற்றுக்குக் குலுக்கிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணா காத்திருப்பார். அது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான். உமக்குக் கொஞ்சம் முற்றின வியாதி.

"இருமன், ஆடிப் பாப்பம்" என்று உம்மைக் கதிரையில் தள்ளிவிட்டேன். நான் பின்னால் நின்றேன். ஆட்டம் பெரிய வில்லங்கம் இல்லை. ஆளுக்கு ஏழு சீட்டு வரும், சிலது எல்லோரும் பார்க்க மலர்ந்தபடி, சிலது கவிழ்ந்தபடி. ஒவ்வொரு சீட்டு வரும்போதும் காசு வைத்துத் தொடரலாம், அல்லது சீட்டை எறிந்துவிட்டு விலகலாம். முதல் சுற்றிலேயே நீர் பிழை விட்டீர். எங்கள் ஆட்டம் வலக்கைப் பக்கமாகச் சுற்றும், அவர்களுடையது இடக்கைப் பக்கமாக. உம்முடைய முறை வருமுன் காசை வைத்துவிட்டீர். சீட்டுப் போடுகிறவன் சிரித்துக்கொண்டே திருப்பித் தள்ளினான். காது இரண்டும் சிவக்கத் திரும்பி, "வாரும் போவம்" என்றீர். நான் உம்முடைய தோளை அமத்திப் பிடித்தேன். விட்டிருந்தால் ஓடியிருப்பீர்.

பிறகுதான் அந்தத் தொப்பிக்காரன். உமக்குப் பக்கத்தில், கதிரை நிறைய உட்கார்ந்திருந்தவன். அவனுக்கு முன்னால் மலர்ந்தபடி இரண்டு ஜாக், ஒரு ஒன்பது. பின்னல் கிழவிக்கு முன்னால் இரண்டு ஏஸ். கிழவி காசு வைத்தாள். அவன் பெருமூச்சு விட்டுச் சீட்டை எறிந்துவிட்டான்.

போக்கரில் ஏஸ்தான் பெரிது. ஆனால் முந்நூற்றிநாலில் ஜாக்தான் எல்லாவற்றுக்கும் மேலே. அடுத்தது ஒன்பது. ஏஸ் அதற்கும் கீழே மூன்றாவது. இரண்டு ஜாக்கையும் ஒன்பதையும் ஒருவன் எறிகிறான் என்றால் உம்முடைய கண்ணுக்கு அது கையில் இருந்த சோற்றைக் குப்பையில் கொட்டுகிற மாதிரி. கிழவி காசை வழித்து எடுக்கும் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தீர். சுற்று முடிந்தது. அவ்வளவுதான், உம்முடைய வியாதி கிளம்பிவிட்டது.

"வை யூ த்ரோ?" என்றீர். அந்த மண்டபத்துக்கே கேட்கிற குரலில். "டூ ஜாக்ஸ்! அண்ட் நைன்! வை யூ த்ரோ?"

தொப்பிக்காரன் உம்மைத் திரும்பிப் பார்த்து, அந்த அம்மாவிடம் ஏஸ் இருந்ததே என்றான்.

"ஏஸ் இஸ் நத்திங்! ஏஸ் இஸ் ஒன்லி தேர்ட்!"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. எல்லோருமே சிரித்தார்கள். சீட்டுப் போடுகிறவன் கையில் இருந்த கட்டை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தான். உமக்கு அப்போதுதான் எந்த ஆட்டத்தில் இருக்கிறோம் என்று நினைவு வந்தது. கையை வாயில் வைத்தீர். நீர் ஊரைவிட்டு வந்த நாள் முதல் எதற்குப் பயந்துகொண்டிருந்தீரோ அது நடந்துவிட்டது, மச்சாள். ஒரு மேசை நிறைய வெள்ளைக்காரர் முன்னால், உரத்த குரலில், இலக்கணமும் பிழை, விஷயமும் பிழை. சிரித்தும் விட்டார்கள். நான் உம்முடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், அழப் போகிறீர் என்று.

நீர் சிரித்தீர். கண்ணில் தண்ணீர் வர, சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திப் பொத்திச் சிரித்தீர். தொப்பிக்காரன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எந்த நாட்டில் ஜாக் பெரிது என்று மரியாதையாகக் கேட்டான். "சிலோன்" என்றீர். அப்படியென்றால் ராணிக்கு என்ன மதிப்பு என்றாள் கிழவி. "குயீன், ஒன்லி டூ பொயிண்ட்ஸ்" என்று நீர் சொல்ல, கிழவி மிகவும் மனம் வருந்தினாள்.

பிறகு உம்மை யார் பிடிக்க? ஒவ்வொரு சுற்றும் முடிய, "மேடம், சிலோனில் இதை எப்படி ஆடியிருப்பார்கள்?" என்று அவர்களே கேட்கத் தொடங்கினார்கள். நீர் சொன்னீர். சொல் வராத இடத்தில் கையால் சொன்னீர். தொப்பிக்காரனோடு வாதாடினீர், அவன் விளங்கவில்லை என்றால் இன்னொருக்கால் சொன்னீர். ஜாக் வந்தால் மட்டும் உம்மால் எறிய முடியவில்லை. தோற்கப் போவது தெரிந்தும் பிடித்துக்கொண்டு இருந்து தோற்றீர். "என்ன செய்ய, கை விடுகுதில்லை" என்று என்னிடம் முறையிட்டீர்.

கடைசியில் ஒரு சுற்று. கவிழ்ந்த சீட்டு இரண்டையும் நீர் ஓரம் தூக்கிப் பார்த்தபோது நானும் பார்த்தேன். இரண்டும் ஜாக். மலர்ந்து வந்த சீட்டுகளில் இன்னொரு ஜாக்! மூன்று ஜாக் சேர்ந்தால் போக்கரிலும் இரண்டு ஏஸை வெல்லும். பின்னால் நிற்பவர் வாய் திறக்கக் கூடாது. நான் என் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். தொப்பிக்காரன் இரண்டு ஏஸைக் காட்டிக்கொண்டு காசு வைத்தான். நீரும் வைத்தீர். அவன் கூட்டினான், நீரும் கூட்டினீர். சீட்டைப் பிரித்துக் காட்டினபோது அந்த மனிதன் எழுந்து நின்று கைதட்டினான். "ஷீ இஸ் ரைட்! ஜாக் இஸ் பிக்!" என்று சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் சொன்னான். நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துத் துள்ளினதில் என்னுடைய செருப்பு ஒன்று மேசைக்கு அடியில் போய்விட்டது.

ஆனால் திங்கட்கிழமை டொரன்டோவில் இறங்கியபோது பழையபடி பனி, பழையபடி நீர். வேகாஸ் வேறு, இது வேறு என்று எனக்கும் பயம் பிடித்துவிட்டது. செவ்வாய் காலை லீவு போட்டுவிட்டு உம்மோடு வந்தேன். பஸ்ஸிலும் பேசவில்லை, வோர்டன் ஸ்டேஷனில் ஏறிய சப்வே ரெயினிலும் பேசவில்லை. கந்தோர்க் கட்டடத்துக் கதவுக்குள் நீர் போனதும், எதிர்ப்பக்கம் ஒரு டோனட் கடையின் கண்ணாடியோரம் இருந்தேன். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உம்முடைய பச்சைக் கோட்டு வருகிறதோ என்று பார்த்தேன். வரவில்லை. கோப்பி ஆறியது. வரவில்லை! ஐயோ மச்சாள், அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கலியாண நாளிலும் பட்டதில்லை.

நீர் வந்தபோது ஓடிவந்து வாசலில் பிடித்தேன். "வேலை கிடைச்சதோ?"

"அது பிறகு சொல்லுவினமாம். நீர் முதல் இதைக் கேளும்" என்று என்னைக் கதிரையில் இருத்தினீர். "அவன் முதல் கேட்டது எனக்கு விளங்கேல்லை. விளங்கேல்லை, திருப்பிச் சொல்லும் எண்டு கேட்டன். சொன்னவன்! ரெண்டாவதுக்கு நான் நல்லாய்ச் சொன்னனான். மூண்டாவதிலைதான் பிழை விட்டிட்டன், கையிலை இருந்ததை எல்லாம் முந்தியே இறக்கிப்போட்டன்…" அங்கேயே, அந்த டோனட் கடையில், கேள்வி கேள்வியாய் விசாரணை. நான் அண்ணாவைப் போலப் பொறுமையாய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் உம்மை எடுத்தார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் நீர் அந்தக் கந்தோரைப் படுத்திய பாட்டை நானும் அறிவேன். உரக்கடைக்காரரும் எங்கோ நல்லாய்த்தான் இருந்திருப்பார். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு கலியாணமோ, பிறந்தநாளோ, ஒரு டாக்டரிடம் போய் வந்ததோகூட, நீரும் நானும் இருந்து விசாரித்து முடிக்காமல் முடிந்ததே இல்லை. உம்மிடம் இருந்து எனக்கும் தொற்றிவிட்டது. இன்றைக்கும் விளங்காததை விளங்கவில்லை என்று உரக்கச் சொல்லுகிறேன். பிழை என்றாலும் சொல்லுகிறேன்.

உம்முடைய செத்தவீடு முடிந்து வீட்டுக்கு வந்தபோது, "எல்லாம் நல்லபடியாய் முடிஞ்சுது" என்று அண்ணா சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் இருந்தேன். நல்லபடியாய் முடிந்ததாம்! அப்படி ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு நித்திரைக்குப் போக நீர் ஒருவரையும் விட்டிருப்பீரோ?

அதுதான் எழுதுகிறேன். ஐயர் பிந்தி வந்தார், வந்தும் பாதி மந்திரத்தைப் போனில் பார்த்து வாசித்தார். பூவெல்லாம் வெள்ளை, உமக்குப் பிடிக்காத வெள்ளை. சமையல்காரன் மரக்கறியில் உப்புப் போட மறந்துவிட்டான். உம்முடைய மகள் ஆங்கிலத்தில் அருமையாய்ப் பேசினாள், ஆனால் நடுவில் 'என் அம்மா அமைதியானவர்' என்று ஒரு சொல் சொன்னாள். நான் எழும்பி, "பிள்ளை, அது பிழை!" என்று சத்தமாய்ச் சொல்லிவிட்டேன். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு சிரித்தார்கள். மகளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

நான் செய்தது சரியோ, பிழையோ? இனி நீர் சொல்லும், மச்சாள்.