ஃபுல் என்றுதான் சொன்னேன்

ஜனவரி 9, 2008, புதன்

ஜம்பு,

நீ இருந்தவரை உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உன் அம்மாவுக்கு, உன் தங்கைக்கு, பால்காரருக்குக்கூட நீ ஜம்பு. எனக்கு மட்டும் 'என்னங்க'. நீ போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. இனி யாரிடம் பயம்? நோட்டிலாவது கூப்பிட்டுக்கொள்கிறேன். 'நீ' என்றும் சொல்வேன்.

இன்று நம் மெஸ்ஸில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜாவா படிக்க வந்திருக்கும் பெண், புதுசு, "ஆன்ட்டி, உடம்பு சரியில்லையா?" என்றாள். இந்த வாரத்தில் இது நாலாவது ஆள். உடம்பு கல் மாதிரி இருக்கிறது. ஒரு மூட்டை வெங்காயத்தை இன்னும் தனியாகத்தான் நகர்த்துகிறேன். முகம்தான் தொங்கிவிட்டது. தாடைச் சதை ரெண்டு பக்கமும் இறங்கி, வாயோரத்தைக் கீழே இழுக்கிறது. கழுத்தில் மடிப்பு. சிரித்தாலும் அழுத மாதிரிதான். உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூணு வருஷம் மொத்தமும் அங்கே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

நான் துக்கப்படுவது எனக்கும் உனக்கும் நடுவில் உள்ள விஷயம். அமீர்பேட் முழுக்க எதற்குத் தெரியவேண்டும்?

ஜனவரி 13

ஷ்யாமிடம் சொல்லிவிட்டேன், முகத்தை ஆபரேஷன் செய்து தூக்கிக்கொள்ளப் போகிறேன் என்று. நம் பிள்ளை லேப்டாப்பை மூடிவிட்டு என்னையே பார்த்தான்.

"அம்மா, சீரியஸாவா?"

"நான் என்னைக்குடா விளையாடினேன்?"

காசு என்னுடையது. அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் எழுதப்போவதில்லை.

ஜனவரி 21

பஞ்சாரா ஹில்ஸில் டாக்டரம்மாவைப் பார்த்தோம். தெலுங்குக்காரர். எனக்குப் புரியாத இடத்தில் ஜலஜா என்று ஒரு பெண் தமிழில் சொன்னாள். கோயம்புத்தூரிலிருந்து வந்து ரெண்டு மாதம்தான் ஆகிறதாம், தேதி கொடுப்பது, போன் செய்வதெல்லாம் அவள்.

ரெண்டு விதம் இருக்கிறது. ஹாஃப் என்றால் காதுக்கு முன்னால் சின்னதாகக் கீறி, தாடையை மட்டும் இழுத்துத் தைப்பார்கள். அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி. ஒரு வாரத்தில் வேலைக்குப் போகலாம். ஃபுல் என்றால் நெற்றியோரத்து முடியிலிருந்து காதைச் சுற்றிப் பின்னந்தலை வரை வெட்டு. உள்ளே இருக்கும் தசையையும் கழுத்தையும் சேர்த்துத் தூக்குவார்கள். முழு மயக்கம், நாலு மணி நேரம். ஒரு மாதம் வெளியே தலைகாட்ட முடியாது.

டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். "உங்களுக்கு மோசமா இருக்கிறது கழுத்து. ஹாஃப் அதைத் தொடாது. ஆனா உங்களுக்கு பிபி இருக்கு, ஃபுல்லில் ஆபத்து கூடுதல். யோசிச்சு நீங்களே சொல்லுங்க."

நீங்களே சொல்லுங்க. ரொம்ப நாளாயிற்று இதை யாரும் என்னிடம் சொல்லி.

காரில் ஏறினதும் ஷ்யாம், "ஹாஃப் போதும்மா" என்றான். நம் மெஸ்ஸிலும் மினி மீல்ஸ் இருக்கிறது. பசியில்லை என்று மினி வாங்குகிறவன் கடைசியில் பக்கத்து இலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஜனவரி 27, ஞாயிறு

உன் தங்கை வேதா வந்தாள். ஷ்யாம்தான் சொல்லியிருக்கிறான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"கைக்கு அண்ணி, எதுக்கு இதெல்லாம்? அண்ணன் போயாச்சு. இனிமே யாருக்குக் காட்ட இந்த மூஞ்சி?"

"தினம் காலைல கண்ணாடி பாக்குறேனே, எனக்குக் காட்டத்தான்."

"ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் வேதா. பதினாலு மாசமா என்னைப் பாத்து உச்சுக்கொட்டியே ஓஞ்சு போயிருக்கு. சிரிச்சா நல்லதுதான்."

அவள் சமாதானத்துக்கு வந்தாள். "சரி, பண்ணித்தான் ஆகணும்னா கொஞ்சமா பண்ணிக்கோ. யாருக்கும் தெரியாத மாதிரி."

கொஞ்சமா. எனக்கு எல்லாமே கொஞ்சமாகத்தான் கொடுப்பார்களா? நீ செத்த அன்று அழுததுகூட முழுசாக அழவில்லை. நாற்பது பேருக்குச் சாப்பாடு ஆகவேண்டும் என்று எழுந்து போனேன். உனக்குத் தெரியாது.

ஜனவரி 30

தூக்கம் வரவில்லை, எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்றை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. ஷ்யாமிடமும் சொல்லவில்லை. சர்க்கரை உன் கண்ணைக் கொண்டுபோன பிறகு நீ என்னைக் கையால்தான் பார்த்தாய். கன்னத்தில் ஆரம்பித்து, தாடை வழியாக இறங்கி, கழுத்து மடிப்பை ரெண்டு விரலால் பிடித்துக்கொள்வாய். "இது என்னடி, புதுசா சுருக்குப்பை தெச்சிருக்கே? சில்லறை போட்டுக்கலாமா?" ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார்.

அந்தப் பையைத்தான் ஃபுல்லில் எடுத்துவிடுவார்கள். ஹாஃப் என்றால் அது அப்படியே இருக்கும்.

இருந்தால் என்ன? யார் பிடிக்கப்போகிறார்கள்? கையைக் கொண்டுபோய்ட்டே. பையை மட்டும் நான் வெச்சிக்கிட்டு என்ன பண்ண, சொல்லு! உன் மேல் கோபமாக வருகிறது. எழுதினால் என்ன, இந்த நோட்டை யாரும் படிக்கமாட்டார்கள்.

ஃபுல்.

பிப்ரவரி 4

ஜலஜா போன் செய்தாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. "ஃபுல்தானுங்களே ஆன்ட்டி?" என்றாள். "ஹவ், ஹவ்" என்றேன். பதினெட்டாம் தேதி, வெறும் வயிற்றோடு வரவேண்டும்.

பிப்ரவரி 18, திங்கள்

இதை எப்படி எழுதுவது. வருவது சிரிப்பா கோபமா தெரியவில்லை.

உட்காரவைத்து டாக்டரம்மா நீலப் பேனாவால் முகத்தில் கோடு போட்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். காதுக்கு முன்னால் கோடு, தாடையில் கோடு. கழுத்து வெறுமையாக இருக்கிறது. காதுக்குப் பின்னாலும் ஒன்றுமில்லை. இங்கிலீஷ் காகிதம் எனக்குப் படிக்க வராது, ஆனால் கோடு தெரியும்.

"கழுத்துக்கு எங்க?" என்றேன்.

டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டினார். ஜலஜாவைக் கூப்பிட்டார். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"நீங்கதானுங்க ஆன்ட்டி, ரெண்டு வாட்டி ஹாஃப், ஹாஃப்னு சொன்னீங்க..."

"ஹவ்னு சொன்னேன்டி! ஹவ்னா ஆமா! இந்த ஊர் நாய்க்குக்கூடத் தெரியும்!"

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அவரே மன்னிப்பும் கேட்டார். ஜலஜா அழுதுவிட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள். கல்யாணமாகி செகந்திராபாத் வந்தபோது உன் வீட்டில் எல்லோரும் ஹவ் ஹவ் என்று தலையாட்டியதைப் பார்த்து, யாருக்கோ வலிக்கிறது என்று நானும் நினைத்தவள்தானே.

இன்று ஹாஃப் செய்யலாம், ஃபுல் என்றால் மயக்க டாக்டர் வேண்டும், பிபி இருப்பதால் நெஞ்சு டாக்டரும் பார்த்துச் சரி சொல்லவேண்டும், வேறு தேதி என்றார்கள். ஷ்யாம் உடனே, "ஹாஃப் முடிச்சிட்டுப் போயிடலாம்மா, ப்ளீஸ்" என்றான். எனக்குக் கோபம் வந்தது. "ஏண்டா, என் கழுத்து உன்னை என்ன பண்ணுச்சு?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அப்பாவோட காலை எடுக்க ஃபுல் அனஸ்தீஷியாக்கு நான்தாம்மா கையெழுத்துப் போட்டேன். உள்ள போனவர் முழிக்கவே இல்ல."

பதினஞ்சு மாதமாக இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. நான் என் தொங்கின முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயந்துபோய் ஹாஃப் என்று சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவன் இன்றைக்குத் தூங்குவான். நான்?

"இந்தக் கையெழுத்து நீ போட வேணாம்டா. நான் போட்டுக்கிறேன்" என்றேன். "நெஞ்சு டாக்டர் வேணாம்னா வேணாம். அவர் சரின்னா ஃபுல்தான்."

வீட்டுக்கு வந்தும் நீலக் கோடு போகவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டும் போகவில்லை. அப்படியே ராத்திரி மெஸ்ஸில் சப்பாத்தி பரிமாறினேன். பிள்ளைகள் முழித்தார்கள். "என்ன ஆன்ட்டி இது?" என்று ஒருத்தி கேட்டாள். "ஃப்ளைஓவர் கட்டப்போறாங்க" என்றேன்.

பிப்ரவரி 26

நெஞ்சு டாக்டர் எல்லாம் பார்த்தார். பிபி மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார். செய்யலாம் என்றார். ஷ்யாம் மூணு தடவை அதையே கேட்டான்.

மார்ச் 2

ஜலஜா வீட்டுக்கே வந்து, காகிதத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துச் சொன்னாள். ரத்தம் கட்டலாம், முகநரம்பு அடிபடலாம், மயக்கத்தில் எது வேண்டுமானாலும் ஆகலாம். எல்லாம் கேட்டேன். கையெழுத்துக்கு மேலே நானே தமிழில் எழுதினேன்: முழுசு.

"ஹவ்னு எழுதலைங்களா?" என்றாள் குட்டிக் கழுதை.

மார்ச் 5

முழித்துவிட்டேன்.

மார்ச் 13

தையலில் பாதி பிரித்தார்கள். முகம் பூசணிக்காய். நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் இருக்கிறது. சில சமயம், எதற்கு இந்த வேலை என்று இருக்கிறது. யாரிடமும் சொல்லமாட்டேன்.

வேதா கஞ்சி கொண்டுவந்தாள். வெகுநேரம் பார்த்தாள். யாருக்குக் காட்ட என்று கேட்கவில்லை. ஸ்பூனை வாயருகே கொண்டுவந்து, "வலிக்குதா அண்ணி?" என்றாள்.

"வலிக்கிறது எனக்கு, அழறது நீயா?" என்றேன். வாய் சரியாகத் திறக்கவில்லை. அவளுக்குப் புரிந்ததா தெரியாது.

ஏப்ரல் 21, திங்கள்

இன்று மெஸ்ஸுக்கு வந்துவிட்டேன். புது பேட்ச் சேர்ந்திருக்கிறது. என்னை முன்னே பின்னே பார்த்திராத பிள்ளைகள். "ஆன்ட்டி, ரசம்." "ஆன்ட்டி, அப்பளம் இன்னொண்ணு." அவ்வளவுதான். உடம்பு சரியில்லையா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் இருபது வயசுப் பெண்ணாகிவிடவில்லை. ஐம்பத்திமூணு வயசில் நன்றாகத் தூங்கி எழுந்தவள் மாதிரி இருக்கிறேன். போதும்.

மத்தியானம் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று அழுதேன். இந்தத் தடவை அடுப்பை அணைத்துவிட்டுப் போய் முழுசாக அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மோர் ஊற்றினேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. இதற்குத்தான் ஜம்பு, இதற்குத்தான் செய்துகொண்டேன்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். கன்னம், காதோரம், கழுத்து எல்லாம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. முந்தானை பட்டாலும் தெரிவதில்லை, ஈ உட்கார்ந்தாலும் தெரிவதில்லை. உணர்ச்சி வர ஐந்தாறு மாதம் ஆகும் என்கிறார் டாக்டரம்மா. அதுவரை யார் தொட்டாலும் எனக்குத் தெரியாது.

தொட்டாயா?