அலகுக்காக நிறுத்திய மாத்திரை

ராசிபுரம்,
9.3.2025

மாமாவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நலமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கே இல்லாதபோது நான் கேட்டு என்ன ஆகப்போகிறது? போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதி, தம்பி கந்தப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சாமிப் படத்துக்குப் பின்னால் நீங்கள் ஒளித்து வைத்திருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டி விரதம் தொடங்கியதிலிருந்து ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. கார்த்திகையில் உங்களுக்கு மாரடைப்பு வந்து ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் கட்டாமல் இருக்க இந்த இரண்டு மாத்திரையையும் ஒருநாளும் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது தலையைத் தலையை ஆட்டினீர்கள். தினமும் காலையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேனே, என்னைப் பார்த்தால் பைத்தியமாகத் தெரிகிறதா?

நம் மகள் பிரவீனாவுக்குப் பரீட்சை இருக்கிறது. இல்லையென்றால் அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். நீங்கள் மாத்திரை போட்டால்தான் அம்மா வீட்டிலிருந்து கிளம்புவேன்.

வசந்தாமணி

நாமக்கல்,
11.3.2025

வசந்தாவுக்கு,

புருஷனைப் பற்றி அம்மா வீட்டில் போய்ச் சொல்லியாகிவிட்டது. மனசு குளிர்ந்ததா?

ஒளித்தேன்தான். சொன்னால் விட்டிருப்பாயா? அந்த மாத்திரை போட்டுக்கொண்டிருந்தபோது சவரத்தில் லேசாகக் கீறியதற்கே துண்டு நனைந்துபோனது. இந்த லட்சணத்தில் கன்னத்தில் அலகு குத்தினால் என்ன ஆகும்? ரத்தம் வந்தால் விரதத்தில் குறை என்று ஊர் பேசும். பட்டறையில் வீரபாகு இப்போதே, "ஏனுங்க பங்காளி, இந்த வருசம் அலகு உண்டுங்களா, இல்ல ஆஸ்பத்திரிக்கே நேந்துட்டீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறான்.

இளவட்டத்திலிருந்து குத்துகிறவன் நான். பிழைத்து வந்த வருஷத்தில் குத்தாமல் இருப்பேனா? நெஞ்சில் ஒரு வலியும் இல்லை. நோம்பி முடிந்ததும் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். டாக்டரிடம் இதையெல்லாம் கேட்டால் சிரிப்பார். பேசாமல் வீடு வந்து சேர்.

குணசீலன்

ராசிபுரம்,
13.3.2025

மாமாவுக்கு,

டாக்டர் சிரிக்கவில்லை. நேற்று நானே போய்க் கேட்டேன். ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம்கூட ஆகாதவர் தானாக மாத்திரையை நிறுத்தினால், ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மறுபடி அடைத்துவிடுமாம். முன்கூட்டிச் சொல்லிக்கொண்டும் வராதாம். விட்டுப்போனதற்காகச் சேர்த்து விழுங்காமல், வழக்கமான அளவை இன்றே தொடங்கி, ஆளை நேரில் கூட்டி வரச் சொன்னார். சின்னக் கீறல் அழுத்திப் பிடித்தால் நிற்குமாம். ரத்தம் நிற்கவே இல்லை, மலம் கறுப்பாகப் போகிறது என்றால் ஓடி வர வேண்டும். அப்போதும் மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவர்தான் சொல்வார். அலகு இந்த வருஷம் கூடவே கூடாது.

பூசாரியையும் கேட்டுவிட்டேன். "பால்குடம் எடுக்கட்டும் சாமி, ஆத்தா வேண்டாம்னா சொல்லப்போறா?" என்றார். அம்மனுக்குச் சம்மதம். வீரபாகுவுக்குத்தான் சம்மதமில்லை. நீங்கள் யாருக்காக விரதம் இருக்கிறீர்கள்?

வசந்தாமணி

நாமக்கல்,
19.3.2025

வசந்தாவுக்கு,

நேற்று அலகு குத்தினேன். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. ஊரே பார்த்தது. வீரபாகு என் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டான். நீ மட்டும்தான் பார்க்கவில்லை. இதை உன் டாக்டரிடம் போய்ச் சொல்.

கொஞ்சம் களைப்பாக இருக்கிறது. முதுகில் பிடித்தாற்போல் ஒரு வலி. வெயிலில் நடந்ததுதான். நாளையிலிருந்து மாத்திரை போடுகிறேன், போதுமா? கோபத்தை விட்டுவிட்டு வா.

குணசீலன்

சேலம், ஆஸ்பத்திரி,
21.3.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கந்தப்பன் ஐசியு வாசலில் வைத்துத்தான் என்னிடம் கொடுத்தான். முதுகில் பிடித்தது வெயில் இல்லை, மாரடைப்பு. ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டிவிட்டது. அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி போனது போனதுதானாம். பட்டறையில் இனிமேல் பழையபடி இரும்பு தூக்க முடியாது என்கிறார்கள். பிரவீனா பரீட்சைக்குப் போகாமல் என் மடியில் படுத்திருக்கிறாள். உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது வீரபாகுதான். வராந்தாவில் உட்கார்ந்து அழுகிறான். அவனைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

காலையில் என்னை உள்ளே விட்டார்கள். நர்ஸ் கொடுத்த மாத்திரைகளை நானே உங்கள் வாயில் போட்டேன். விழுங்கிவிட்டு, "கோவமா சாமி?" என்று கேட்டீர்கள். வெளியே வந்து இதை எழுதுகிறேன்.

கோபம்தான் மாமா. நேற்றெல்லாம் பயம் மட்டும்தான் இருந்தது. ஆள் பிழைத்துவிட்டார் என்று சொன்ன பிறகுதான் கோபமே திரும்பி வந்தது. எழுந்து வீட்டுக்கு வாருங்கள். உங்களைத் திட்டவேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

வசந்தாமணி