கட்டம் போட்ட சட்டை

இன்று காலை உன் கட்டம் போட்ட சட்டையை உப்பளத்துக் கம்பத்தில் மாட்டினேன். உன் மனைவி துவைத்துத் தேய்த்துத்தான் கொடுத்தாள். ஆனாலும் கழுத்துப்பட்டையில் கருப்பட்டியும் சுக்கும் கலந்த உன் கடை வாசனை போகவில்லை. கடல்காற்றில் அந்த அரைக்கைகள் ஆடின. போய்ச் சேர்ந்தவனுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை நான். ஆனால் இதை வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

அந்த லென்ஸை நீ மறந்திருக்க மாட்டாய். துறைமுகத்தில் ஒரு கப்பல்காரரிடம் நான் வாங்கிய கிழட்டு லென்ஸ். ஜூம் கிடையாது, தானாக ஃபோகஸ் ஆகாது. வளையத்தைக் கையால் திருகித்தான் கூராக்க வேண்டும். எனக்கோ வெறிச்சோடிய படங்கள்மேல்தான் பைத்தியம். வெள்ளை வானம், வெள்ளை உப்பு அம்பாரம், நடுவே ஒரு கோடு. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இருக்கக் கூடாது. வெள்ளைக்குள் வெள்ளையை எங்கே பிடித்துக் கூராக்குவது? ஐம்பது வயதுக் கண் அதற்கு ஒத்துழைக்கவில்லை. நீதான் வழி சொன்னாய். “நான் அங்கன போயி நிக்கேன்லே. என் சட்டைக் கட்டத்தப் பாத்துத் திருகு.”

அப்படியே பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உன் பைக்கில் கிளம்புவோம். கால் புதையப் புதைய அம்பாரம் வரை நடந்து போய், ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையால் கண்ணுக்கு மேலே மறைப்புப் பிடித்து நிற்பாய். கட்டங்கள் கத்தி மாதிரி தெரியும்வரை திருகுவேன். பிறகு கையை உயர்த்தி ஆட்டுவேன், தள்ளு என்று. நீ நகர்ந்து படத்தை விட்டு வெளியே போவாய். அதற்குப் பிறகுதான் நான் அழுத்துவேன். எட்டு வருடம், உப்பளத்திலும் பெரியதாழைக் கடற்கரையிலும் இதே கதைதான். ஒவ்வொரு படத்திலும் கூர்மை உன்மேல் வைத்தது, நீ மட்டும் இல்லை.

அந்த வெள்ளைச் சட்டை நாளைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

அன்று நீ இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தாய். தலையை வேறு எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தாய். “ஏலே, இன்னைக்கு மொதல்ல என்னைய ஒண்ணு எடு” என்றாய். நான் பனி மூட்டம் கலைவதற்குள் எடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தேன். “வெளிச்சம் போயிரும்லே, பொறவு பாத்துக்கிடலாம்” என்றேன். அதோடு விட்டேனா? “உப்புக்கு முன்னால வெள்ளச் சட்டையா? கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?” என்று கத்தினேன்.

நீ சட்டையைக் கழற்றி, மடிப்புக் கெடாமல் மடித்து, பைக் சீட்டில் வைத்தாய். வெறும் மேலோடு அம்பாரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாய். “இப்பம் தெரியுதா?” என்று அங்கிருந்து கேட்டாய். தெரிந்தது. உன் கறுத்த மேனி அந்த வெள்ளையில் அப்படித் தெரிந்தது. திருகினேன், கையை ஆட்டினேன், நீ போனாய், அழுத்தினேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. பொறவு உன்னை எடுக்கவே இல்லை, பாவி நான்.

நாசரேத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அந்தப் படத்தைக் கண்காட்சிக்கு வைத்தார்கள். கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாய். யாரோ ஒரு டாக்டர், மனிதச் சுவடே இல்லாத அமைதி என்று புகழ்ந்துகொண்டிருந்தார். நீ சட்டத்துக்கு வெளியே, வெறும் சுவரில் விரலை வைத்து அவரிடம் சொன்னாய். “சார், நான் இங்கன நிக்கேன். ரெண்டு எட்டுத் தள்ளி.” அவர் திருதிருவென்று விழித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காப்பி குடிக்கலாம் என்று உன்னைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இன்றைக்கு அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

தை பிறந்ததும் நீ போனாய். கடையில் தராசுக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், எழுந்திருக்கவில்லை. உன் மகள் போன் செய்தாள். “மாமா, ஃப்ளெக்ஸ் அடிக்கணும். அப்பா படம் ஒங்ககிட்டதான இருக்கும்? எப்பமும் ஒங்க கூடத்தான சுத்துனாங்க.” ஆயிரக்கணக்கான படங்களைத் தோண்டினேன். கடல், உப்பு, ஒற்றைப் பனை. நீ எங்கேயும் இல்லை. பட்டன் போன் வைத்திருந்தவன் நீ, செல்ஃபிகூட எடுத்ததில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஹார்ட் டிஸ்க் போயிருச்சும்மா.” அழுதுகொண்டிருந்த பிள்ளையிடம் கூசாமல் பொய் சொன்னேன். வீட்டில் இருந்தது பழைய கல்யாணப் படம் மட்டும்தான். கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி அடித்தார்கள். முச்சந்தியில் யாரோ ஒருவனைப் போல நீ தொங்கினாய்.

போன வாரம் உன் மனைவி கூப்பிட்டு அனுப்பினாள். சட்டையை என் மடியில் வைத்தாள். “இது இல்லாம ஒங்களுக்குப் படமே எடுக்க முடியாதுன்னு சொல்லுவாக, அண்ணாச்சி. நீங்களே வச்சுக்கிடுங்க” என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். “ஒரு நா வெள்ளச் சட்ட போட்டுட்டு வந்தாகள்லா? எங்களுக்குக் கல்யாணமாயி இருவத்தஞ்சு வருசம் அன்னைக்கி. ஹால்ல மாட்டணும்னு நான்தான் தேச்சுக் குடுத்தேன். வெளிச்சம் சரியில்லையாம், அடுத்த வாரம் எடுப்பான்னு வந்து சொன்னாக. பொறவு எடுத்தீயளா?”

வீட்டில்கூட என்னை விட்டுக்கொடுக்காமல் வெளிச்சத்தின் மேல் பழியைப் போட்டிருக்கிறாய்.

அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. “ஒரு படம்கூட இல்லம்மா. ஹார்ட் டிஸ்க் ஒண்ணும் போகல. நான்தான் எடுக்கல” என்றேன். சட்டை எதற்கு என்பதையும் சொன்னேன். வாசற்படியில் நின்ற உன் மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உன் மனைவி என் மடியில் கிடந்த சட்டையின் கழுத்துப்பட்டையை நீவிவிட்டாள். “அப்பம் எட்டு வருசமா அவுகளத்தான பாத்துட்டு இருந்திருக்கீய?” என்றாள். “எப்படி நிப்பாக? அதையாவது சொல்லுங்க.”

எழுந்து நின்று காட்டினேன். இடது காலில் பாரம், இடுப்பில் ஒரு கை, கண்ணுக்கு மேலே ஒரு கை. “வயிறு இன்னுங் கொஞ்சம் முன்னால வரணும், அண்ணாச்சி” என்றாள். வயிற்றைத் தள்ளினேன். சிரித்தாள், சிரிக்கும்போதே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உன் மகள் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் நியாயம்.

இன்று தனியாக உப்பளத்துக்கு வந்தேன். பஸ்ஸில் வந்து, அந்த அம்பாரத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில் சட்டையை மாட்டிவிட்டு, நான் வழக்கமாக நிற்கும் இடத்துக்குத் திரும்பி நடந்தேன். வளையத்தைத் திருகினேன். கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. உடனே என் வலது கை தானாக எழுந்து ஆடியது, தள்ளு என்று. எட்டு வருடப் பழக்கம் அது, இனி சாகிறவரை என்னோடு வரும்போல.

கையை இறக்கினேன். சட்டையோடு சேர்த்தே எடுத்தேன். நல்ல கூர்மை, பொத்தான்கூடத் தெரிகிறது. உள்ளே நீதான் இல்லை. அன்றைக்கு நீ வாய்விட்டுக் கேட்டாயே, அழுத்தியிருக்கலாம். ஒரு விரல் வேலைதானேலே அது.